ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் நிற்காது

சாவியைத் திருப்பினால் வண்டி உடனே பிடிக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஆர்பிஎம் முள் சரிந்து இன்ஜின் அணைந்துவிடுகிறது. இந்தக் கோளாறோடு அலைகிற பெட்ரோல் கார்க்காரர்கள் பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஃப்யூயல் பம்ப் மாற்றியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று, பணம் போயிற்று. கோளாறு மட்டும் போகவில்லை. பில் எங்கே என்று கேட்டால், "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்னாங்க, வேண்டாம்னுட்டேன்" என்று பதில் வருகிறது.

அதைவிட மோசம், ஒரு கால் பிரேக்கிலும் ஒரு கால் ஆக்சிலேட்டரிலுமாகச் சிக்னலுக்குச் சிக்னல் சமாளித்து ஓட்டுவது. ஓடும்போது இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதியில் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் கனக்கும். அப்படி ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ஆக்சிலேட்டரைத் தொட்டால் சீராக ஓடுகிறது, விட்டால்தான் அணைகிறது என்றால் முதல் சந்தேகம் பம்ப் அல்ல, காற்று வழி. த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்ஜினுக்குப் போகும் சொற்பக் காற்றைக் கார்பன் படிவு அடைத்திருக்கலாம். பழைய வண்டிகளில் ஐடில் வால்வு சிக்கியிருக்கலாம். வெடித்த வேக்குவம் ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்றும் நுழையலாம். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள சில கார்களில் பேட்டரி மாற்றியதும் ஐடில் அளவு மறந்துபோகும். அதற்குத் தேவை மறுபடி கற்பிக்கும் முறை, புதுப் பாகம் அல்ல. ஆக்சிலேட்டர் கொடுத்தும் இரண்டு நொடியில் அணைந்து, டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால் இம்மொபிலைசரைப் பாருங்கள். மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்கக் காசா கேட்கிறார்கள்?

ஸ்கேனர் போட்டால் பி0505 என்றோ பி0171 என்றோ கோடு வரும். முன்னது ஐடில் கட்டுப்பாட்டில் கோளாறு என்கிறது. பின்னது கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்கிறது. தேட வேண்டிய இடத்தைத்தான் கோடு காட்டும், மாற்ற வேண்டிய பாகத்தை அல்ல. பி0171-ஐப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சார் விற்கிற ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதீர்கள்.

இனி காகிதம். ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று கிறுக்க விடாதீர்கள். 'ஸ்டார்ட் ஆகிறது, காலை எடுத்தால் அணைகிறது, சூடானபின் அதிகம்' என்று அறிகுறியை எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டரும் தேதியும் இருக்கட்டும். 'என்னைக் கேட்காமல் எந்தப் பாகமும் மாற்றக் கூடாது' என்று நீங்களே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் திரையையும் படம் எடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி. பில் வாங்குங்கள். யுபிஐ ரசீது பில் ஆகாது: பணம் போனதைச் சொல்லும், எதற்குப் போனது என்பதைச் சொல்லாது. பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

கோளாறு தீரவில்லையென்றால் முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இதற்காக ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை. ஒர்க்‌ஷாப் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்று இழுத்தடிக்கும் மேனேஜரின் பேச்சில் அந்தக் கெடு கரைந்துபோகும்.

டாக்சி ஓட்டுபவர்களை 'வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று மிரட்டுவதும் நடக்கிறது. பிழைப்புக்காகச் சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான்; சட்டத்திலேயே அந்த விளக்கம் இருக்கிறது. அவருக்கும் தேவை அதே ஜாப் கார்டு, அதே பில்.