மலைநீரும் தனிவழியும்

மழை ஓய்ந்த ஒரு நாளின் விடியற்காலையில், மதுக்கரையில் தர்மலிங்கேசுவரர் மலைமீது ஏறி வடதிசையை நோக்கினால், அடிவானத்தில் நீலமலைத் தொடர் மங்கலாகத் தோன்றும். நாம் நிற்பது சுண்ணாம்புக் கல் விளையும் வெப்ப பூமி. அங்கே தெரியும் உச்சியிலோ மார்கழித் திங்களில் புல்நுனியில் உறைபனி படியும். அந்த மலைகளின் மேற்குப் பகுதியில், சோலைக்காடுகளுக்கு இடையே சலசலத்தோடும் ஓடைகளில் ஒரு மீன் வாழ்கிறது. அது நம் நாட்டு மீன் அன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்கு உரியது. வானவில் டிரவுட் என்பது அதன் பெயர். உடலின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று ஓடுவதால் அப்பெயர் பெற்றது.

இம்மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கத் தன்னந்தனியே மலையேற விரும்புகிறான் ஓர் இளைஞன் என்று வைத்துக்கொள்வோம். அவன் எவ்வாறு திட்டமிட வேண்டும்? திட்டம் என்றவுடன் பையில் எடுத்துவைக்கும் பொருள்களின் பட்டியலே பலருக்கும் நினைவுக்கு வரும். பட்டியல் தேவைதான், ஆனால் அது கடைசியில் வருவது. அதற்கு முன் ஐந்து வினாக்களுக்கு விடை காண வேண்டும். பிடிக்கப் போகும் உயிர் எத்தகையது? அதைப் பிடிக்கும் முறை யாது? எங்கே, எவருடைய இசைவோடு? எந்தப் பருவத்தில்? யாரிடம் சொல்லிவிட்டு? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, மீனின் இயல்பு. டிரவுட் குளிர்நீர் மீன். ஏறத்தாழ 10 முதல் 18 சென்டிகிரேடு வரையுள்ள நீரே அதற்கு உகந்தது. வெப்பம் 25 டிகிரியை நெருங்கும்போது அது தளர்ந்து, விரைவில் மடியும். காரணம் எளிது. நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் கொண்டே மீன் உயிர் வாழ்கிறது. 10 டிகிரி குளிர்ச்சியுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நம் குறிச்சிக் குளத்து வெதுவெதுப்பில் விராலும் கெளுத்தியும் வாழும், டிரவுட் வாழாது. கோயமுத்தூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலம் 2,200 மீட்டருக்கும் மேல். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் தணியும் என்று பூகோளத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கே இம்மீனின் எல்லையை வகுத்துவிடுகிறது.

இவ்வெல்லைக்குள் அதைக் கொண்டுவந்து சேர்த்த வரலாறே திட்டமிடுதலுக்கு ஒரு நல்ல பாடம். சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்தவரும், பிற்காலத்தில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதியவருமான பிரான்சிஸ் டே, 1860-களிலேயே நீலகிரியில் டிரவுட் மீனைக் குடியேற்ற முயன்றார். அம்முயற்சி நிலைபெறவில்லை. வெப்பக் கடல்களைக் கடந்து, வாரக்கணக்கில் குளிர்ச்சி கெடாமல் முட்டைகளைக் கொண்டுவருவது அந்நாளில் அரிய செயல். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து எச். சி. வில்சன் என்பவர் அதே பணியை மேற்கொண்டார். 1907-ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் மீன்முட்டைப் பொரிப்பகம் அமைந்தது. இலங்கை போன்ற இடங்களிலிருந்து வந்த முட்டைகள் அங்கே பொரிக்கப்பட்டன. குஞ்சுகள் ஓடைகளில் விடப்பட்டன. வானவில் டிரவுட் வேரூன்றியது. முட்டைக்குள் கருவின் கண் கரும்புள்ளியாகத் தெரியத் தொடங்கிய பின்னர்தான் அது பயணத்தின் அலைச்சலைத் தாங்கும். பத்து டிகிரி நீரில் பொரிக்க ஒரு மாத காலம் ஆகும். இத்தகைய நுட்பங்களை அறிந்து, பொறுத்திருந்து செய்த இடத்தில்தான் வெற்றி கிட்டியது.

இரண்டாவது, பிடிக்கும் முறை. நாம் வாய்க்கால் கரையில் மண்புழுவைக் கோத்து, தக்கையைப் பார்த்தபடி அமர்ந்திருப்போம். டிரவுட் பிடிப்போர் முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிப் பொய்ப் பூச்சி ஒன்றைச் செய்கின்றனர். மாசிடோனிய மக்கள் செந்நிறக் கம்பளி நூலையும் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஈலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். பொய்ப் பூச்சிக்கு எடையே இல்லை. ஆகவே கயிற்றையே கனமுள்ளதாகச் செய்து, கோலைப் பின்னும் முன்னுமாக வீசி, அக்கயிற்றின் எடையால் பூச்சியை நீரின்மேல் மெல்ல இறக்குகின்றனர். இதற்குத் தோள்வலிமையைவிடக் காலக்கணிப்பே தேவை. பின்னே சென்ற கயிறு முழுவதும் நீளும் வரை ஒரு கணம் பொறுத்து, அதன்பின்னரே முன்னே வீச வேண்டும். வீட்டுக் களத்திலோ பள்ளி மைதானத்திலோ முள் இல்லாமல் பல நாள் பழகாதவன், மலையோடையில் கயிற்றை மரக்கிளையில் மாட்டிக்கொண்டு நிற்பான்.

இங்கே உங்கள் பௌதிகப் பாடமும் துணைக்கு வரும். ஒளி நீருக்குள் நுழையும்போது விலகுகிறது. அதனால், நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும், ஏறத்தாழ 97 டிகிரி கோணமுள்ள ஒரு கூம்பின் வழியே, தலைக்கு மேல் ஒரு வட்டப் பலகணியாகவே தெரியும். ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ள மீனுக்கு அவ்வட்டத்தின் குறுக்களவு சுமார் இரண்டேகால் மீட்டர். கரையில் நிமிர்ந்து நிற்பவன் அதன் விளிம்பில் தென்படுவான். குனிந்து வருபவன் மறைந்துவிடுவான். மேலும், நீரோட்டம் கொண்டுவரும் இரையை எதிர்நோக்கி டிரவுட் நீர் வரும் திசையைப் பார்த்தே நிற்கும். ஆகவே கீழிருந்து மேல் நோக்கி, நிழல் நீரில் விழாமல், அடி ஓசையின்றி அணுக வேண்டும். கரையில் கால் அதிர்ந்தால்கூட மீன் உணரும்.

மூன்றாவது வினா, இடமும் இசைவும். ஆர்வம் மிகுந்தவர்கள் வழுக்கி விழும் இடம் இதுவே. நீலகிரியில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வரம்பு விதிக்கும் சட்டம் 1879-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பிற்காலத்தில், மீன்துறையிடம் உரிமச் சீட்டுப் பெற்று ஓடைகளில் தூண்டிலிட்ட காலமும் இருந்தது. ஆனால் 1972-இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1990-இல் முக்குருத்தி தேசியப் பூங்காவாயிற்று. வரையாடும் சோலையும் புல்வெளியும் காக்கப்படும் அந்த எல்லைக்குள் எவ்வுயிரையும் பிடித்துச் செல்ல இடமில்லை. அவலாஞ்சி, மேல் பவானிப் பகுதிகளிலும் வனத்துறையின் கட்டுப்பாடு உண்டு. எனவே வனத்துறையிடமும் மீன்துறையிடமும் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் விடை பெற வேண்டும். 'ஒருவரும் பார்க்கமாட்டார்கள்' என்பது இசைவு ஆகாது. இசைவு இல்லையெனில் தூண்டிற்கோலை வீட்டில் வைத்துவிட்டு, கண்களை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். கோலோடுதான் செல்வேன் என்பவர்களுக்குக் காசுமீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் வழி உண்டு. அங்கே மீன்துறையினரே உரிமச் சீட்டு வழங்குகின்றனர். குலு நாட்டின் தீர்த்தன் ஆறு இதற்குப் பெயர்பெற்றது. மீன்கள் முட்டையிடும் குளிர்காலத்தில் அங்கும் தடை உண்டு.

விதியின் பின்னால் நியாயமும் இருக்கிறது. வானவில் டிரவுட், உலகில் மிகுந்த தீங்கு விளைவித்த நூறு அயல் உயிரினங்களுள் ஒன்றாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. புதிய நீரில் விடப்பட்டால் அங்குள்ள சிறுமீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் தின்றுவிடக்கூடும். வில்சனின் காலத்தில் பெருமையாகக் கருதப்பட்ட செயலை இன்று ஐயத்தோடு பார்க்கிறோம். ஆகவே ஓர் ஓடையின் மீனை உயிருடன் மற்றோர் ஓடைக்குக் கொண்டுசெல்வது எக்காலும் கூடாது.

நான்காவது, பருவம். அவலாஞ்சி தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் இடம். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் கோயமுத்தூருக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பதைவிட அது அதிகம். அவ்வூருக்கு அப்பெயர் வந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேர்ந்த பெரும் நிலச்சரிவால்தான். ஆடி ஆவணி மாதங்களில் அங்கே ஓடை, ஓடையாக இராது. ஒரு நாழிகைக்குள் முழங்கால் நீர் மார்பளவு ஆகலாம். மேலே எங்கோ பெய்த மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் காயும்போதே வெள்ளமாக வந்து சேரும். மார்கழி, தை மாதங்களில் உறைபனியும், கோடையின் தொடக்கத்தில் காட்டுத்தீயும் உண்டு. எந்த மாதமும் முற்றிலும் அச்சமற்றதன்று. ஆகவே, 'நீர் கலங்கினால் கரையேறுவேன், பனிமூட்டம் இறங்கினால் திரும்புவேன், பிற்பகல் இரண்டு மணிக்குமேல் ஓடையில் நில்லேன்' என்று வீட்டிலேயே முடிவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும். மீன் துள்ளும் நேரத்தில் மனம் நடுநிலையாக இராது.

ஐந்தாவது, யாரிடம் சொல்லிவிட்டுச் செல்வது? இதற்கு என் சொந்தத் தவற்றையே சான்றாகக் கூறுகிறேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், உரிமச் சீட்டு ஒன்று பெற்று, தனியே அம்மலைக்குச் சென்றேன். அம்மாவிடம், "ஊட்டிக்குப் போய்வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன். எந்த ஓடை, எந்தப் பேருந்து, எப்போது திரும்புவேன் என ஒன்றும் கூறவில்லை. பிற்பகலில் பனிமூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வழுக்குப் பாறையில் கால் இடறி நீரில் விழுந்தேன், முழங்கால் வீங்கிவிட்டது. நனைந்த உடையோடு, பற்கள் கிடுகிடுக்க, ஒரு பாறையருகே அமர்ந்திருந்தேன். எருமைகளைத் தேடிவந்த ஒரு படகர் பெரியவர் என் குரல் கேட்டு வந்து, தம் போர்வையை என்மீது போர்த்தி, தோளில் கைகொடுத்து ஊருக்கு அழைத்துச் சென்றார். அன்று கடைசிப் பேருந்து போய்விட்டது. மறுநாள் மாலை நான் மதுக்கரை வந்து சேர்ந்தபோது அம்மா திண்ணையிலேயே இருந்தார். இரவு முழுவதும் அவர் அங்கிருந்து எழவில்லை என்று பக்கத்து வீட்டார் கூறினர். அம்மா என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "தேடி வரலாமென்றால் எங்கே வருவதென்று தெரியலையே, சாமி" என்று மட்டும் சொன்னார். ஆண்டுகள் பல கடந்தும் அச்சொல் என் செவியை விட்டு அகலவில்லை.

தனியே செல்வது பிழையன்று. தனிமையில் ஓடையின் ஒலியைக் கேட்பதற்கு ஈடான இன்பம் குறைவே. ஆனால் நம்மைத் தேடி வரக்கூடியவர்களுக்கு வழி தெரியாதபடி செல்வது பெரும் பிழை. ஒரு தாளில் ஓடையின் பெயர், ஏறும் வழி, இறங்கும் வழி, திரும்பும் நேரம், அந்நேரம் தவறினால் யாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பவற்றை எழுதி வீட்டில் ஒரு படியும், மலையில் தங்குமிடத்தில் ஒரு படியும் கொடுங்கள். கைத்தொலைபேசியை மட்டும் நம்ப வேண்டாம். அப்பள்ளத்தாக்குகள் பலவற்றில் அது பேசாது. சொன்ன வழியை மாற்றாதீர்கள். காட்டெருமையும் யானையும் உலவும் இடம் அது என்பதால், அந்தி மயங்குமுன் இருப்பிடம் சேருங்கள்.

இப்போது பட்டியலுக்கு வரலாம். அது சிறியதே: நனையாத உறையில் மாற்று உடையும் கம்பளியும், மழைச்சட்டை, தீப்பெட்டி, கைவிளக்கு, ஊதல், கட்டுத்துணி, ஒரு வேளைக்கு மிகுதியான உணவு, வழுக்காத காலணி, ஆழம் பார்க்க ஓர் ஊன்றுகோல். மீன் பிடிக்க இசைவு பெற்றவர்கள் எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளையே கொள்ளுங்கள். பிடித்த மீனைத் திரும்ப விடுவதானால் கைகளை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்புப் படலத்தைச் சிதைத்துவிடும். களைப்பு நீங்கும் வரை நீரின் போக்கிற்கு எதிராக அதைத் தாங்கிப் பிடித்து, தானே நீந்திச் செல்லுமாறு விடுங்கள்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ள வேண்டும். அவலாஞ்சியிலும் எமரால்டிலும் தேங்கும் நீர், குந்தா மின்நிலையங்களின் உருளைகளைச் சுழற்றிவிட்டுப் பில்லூருக்கு இறங்குகிறது. அங்கிருந்து கோயமுத்தூர் மக்களின் குடிநீராகிறது. எஞ்சியது பவானியாகிக் கொங்கு நாட்டு வயல்களில் பாய்கிறது. மலையோடையில் நீங்கள் எறியும் குப்பை நாளை நம் வீட்டுக் குடத்தை வந்தடையும். விருந்தினராகச் சென்ற வீட்டில் எவ்வளவு ஒழுங்கோடு இருப்போமோ, அவ்வளவு ஒழுங்கோடு அந்நீரருகே இருங்கள். மீன் கிட்டலாம், கிட்டாமலும் போகலாம். குறித்த நேரத்தில் வீடு திரும்பி, திண்ணையில் காத்திருப்பவரிடம் "வந்துவிட்டேன்" என்று சொல்லும்போதுதான் பயணம் நிறைவு பெறுகிறது.