எம்.பி.ஏ. பண்ணலாமா? ஐடியில இருக்கறவங்களுக்கு ஒரு கணக்கு

ஐடியில மூணு நாலு வருஷம் ஆனதும் டீ பிரேக்ல கட்டாயம் வர்ற பேச்சு இது: “கோடிங் போரடிக்குது, எம்.பி.ஏ. முடிச்சிட்டு மேனேஜர் ஆயிடலாமா?” இன்னைக்கு எபிசோட்ல இதைத்தான் அலசப்போறோம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். மேனேஜர் ஆகறதும் எம்.பி.ஏ. படிக்கறதும் ஒண்ணு இல்லை. இப்போ இருக்கற டீமுக்கே மேனேஜர் ஆகணும்னா, பெரும்பாலும் அந்த டிகிரியை யாரும் கேக்க மாட்டாங்க. ஜூனியர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கறது, சரியா எஸ்டிமேட் போடறது, “இந்தத் தேதிக்கு முடியாது”ன்னு கிளையன்ட்கிட்ட தெளிவா சொல்றது, இதையெல்லாம் பார்த்துத்தான் அந்தப் பொறுப்பு வரும். எம்.பி.ஏ. உண்மையில கைகொடுக்கறது ரூட் மாறறவங்களுக்கு. கன்சல்டிங், ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங் மாதிரி வேலைகளுக்கு கம்பெனிங்க பிசினஸ் ஸ்கூல் கேம்பஸுக்கே வந்து ஆள் எடுக்கறாங்க.

இதுல பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. ரெண்டு வருஷப் படிப்புல, முதல் வருஷம் பொதுப் பாடங்கள். அக்கவுண்டிங், மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ்னு எல்லாத்தையும் தொட்டுட்டு வருவாங்க. ஆனா பெரிய கல்லூரிகள்ல சேர்ந்த சில மாசத்துலயே சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கான இன்டர்வியூ வந்துடும். இன்டர்ன்ஷிப் போன இடத்துலயே வேலை கிடைக்கறதும் சகஜம். அதனால “உள்ள போய் முடிவு பண்ணிக்கலாம்”னு நினைச்சா, யோசிக்கறதுக்கு நேரமே இருக்காது.

அடுத்து, பணம். பழைய பெரிய ஐ.ஐ.எம்.கள்ல ரெண்டு வருஷக் கட்டணம் இப்போ 25 லட்சத்தை ஒட்டி வருது. நீங்க வருஷம் 10 லட்சம் வாங்கறீங்கன்னா, வேலையை விடறதால போற சம்பளம் 20 லட்சம். ஆக உண்மையான செலவு 45 லட்சம். 25 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில 10 வருஷத்துக்குக் கட்டினா, மாசம் சுமார் 33,000 ரூபாய் இ.எம்.ஐ. கல்விக் கடன்ல படிக்கற காலத்துக்கு அவகாசம் கிடைக்கும், ஆனா அப்பவும் வட்டி ஏறிக்கிட்டே இருக்கும். வீட்டுக்குப் பணம் அனுப்பறவங்க இந்த நம்பரை அப்பா அம்மாவோட உட்கார்ந்து பேசிட்டு முடிவெடுங்க.

சரி, கணக்கு ஒத்துவருதுன்னா? ஐ.ஐ.எம்.கள் நடத்தற கேட் தேர்வு எழுதணும். எம்.டெக்குக்கு எழுதற கேட் வேற, இது வேற! மூணு பகுதி, ஒவ்வொண்ணுக்கும் 40 நிமிஷம். ஒண்ணுல மிச்சமாகற நேரத்தை இன்னொண்ணுக்கு எடுத்துக்க முடியாது. சரியான பதிலுக்கு 3 மார்க், ஆப்ஷன் இருக்கற கேள்வியில தப்பாச்சுன்னா 1 மார்க் போயிடும். அதனால எந்தக் கேள்வியை விடணும்னு தெரியறதும் ஒரு திறமை. கணக்குல நாம சமாளிச்சுடுவோம். இங்கிலீஷ் பகுதியில பெரும்பங்கு நீளமான பத்திகளைப் படிச்சு பதில் சொல்றதுதான். தமிழ் மீடியத்துல படிச்சவங்க இதுக்குப் பயப்பட வேண்டாம். தினமும் அரை மணி நேரம், பழக்கமில்லாத சப்ஜெக்ட்ல ஒரு கட்டுரை படிங்க. கடைசி மாசத்துல இதை ஈடுகட்ட முடியாது.

ரிசல்ட் பர்சன்டைல்ல வரும். 3 லட்சம் பேர் எழுதினா, 99 பர்சன்டைல் எடுத்தவருக்கு மேல கிட்டத்தட்ட 3,000 பேர் இருக்காங்கன்னு அர்த்தம். அதுக்கு மேல பல ஐ.ஐ.எம்.கள் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கையும் பார்க்கறாங்க. சில கல்லூரிகள் இன்ஜினியரிங் அல்லாத டிகிரிக்குத் தனியா பாயின்ட் கொடுக்கறதும் உண்டு. அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு கல்லூரியோட விதிமுறையையும் படிச்சிடுங்க.

தமிழ்நாட்டுலயே, குறைஞ்ச செலவுல படிக்கணும்னா அண்ணா பல்கலைக்கழகம் நடத்தற டான்செட் இருக்கு. ஆனா எந்தக் கல்லூரியா இருந்தாலும் பிளேஸ்மென்ட் ரிப்போர்ட்ல சராசரிச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீங்க. ரெண்டு மூணு பெரிய ஆஃபர் வந்தாலே சராசரி எகிறிடும். மீடியனைப் பாருங்க. நடுவுல இருக்கற ஸ்டூடன்ட் என்ன வாங்கறார்னு அதுலதான் தெரியும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. எம்.பி.ஏ. முடிச்சதும் உங்களுக்கு வேணும்னு தோணற வேலைக்கு மூணு விளம்பரம் தேடி, அதுல என்ன கேக்கறாங்கன்னு எழுதிப் பாருங்க. எம்.பி.ஏ. இல்லாமலே அதுல பாதி உங்ககிட்ட இருந்தா, கோச்சிங்குக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெஸ்யூமை அனுப்பிப் பாருங்க. இல்லைன்னா, எதுக்காகப் படிக்கப்போறீங்கன்னு இப்போ தெளிவாயிடுச்சு. இன்டர்வியூல கேக்கப்போற முதல் கேள்வியும் அதுதான்.