காற்றுக்கும் மதிப்பெண் உண்டு!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு இதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே கேரள எல்லை மலைகள், கிழக்கே மேகமலைத் தொடர். இவ்விரண்டுக்கும் நடுவே புகுந்து வரும் காற்றின் போக்கை ராயப்பன்பட்டியில் திராட்சைப் பந்தல் போட்டிருப்பவர்களும் சண்முகாநதிப் பக்கம் மாடு மேய்ப்பவர்களும் நன்கு அறிவார்கள்.

ஆனால் இக்கட்டுரை, அம்மியை அசைக்கும் காற்றைப் பற்றியது அன்று. விநாடிக்கு 10 சென்டிமீட்டர் மட்டுமே நகரும் காற்றைப் பற்றியது. அத்தகைய காற்றில் ஊதுவத்திப் புகைகூட ஏறக்குறைய நேராகத்தான் எழும். வானிலை நூல்கள் அதைக் 'காற்றில்லா அமைதி' என்றே குறிக்கின்றன. அந்த 'இல்லாத' காற்று ஒரு விளையாட்டு வீரரின் ஓராண்டு உழைப்பைத் தீர்மானிக்கக்கூடும் என்றால் நம்புவீர்களா? பனிச்சறுக்குத் தாவல் என்னும் விளையாட்டில் அது நடக்கிறது.

இரண்டாம் படியில் நிற்பவர்கள்

குல்மார்க்கிலும் அவுலியிலும் காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் சறுக்கி இறங்குபவர்களின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாவல் போட்டி இதிலிருந்து வேறுபட்டது. வீரர் உயரமான சறுக்குத்தளத்தில் அமர்ந்திருப்பார். பச்சை விளக்கு எரிந்ததும் கைகளால் உந்தாமல், ஈர்ப்பு விசையை மட்டும் நம்பிச் சறுக்கி வருவார். தளத்தின் விளிம்பை அடைந்ததும் கால்களை உதைத்து எழும்பி, கீழே உள்ள சரிவின் மேலாகப் பறந்து சென்று இறங்குவார். எவ்வளவு தூரம் பறந்தார், எவ்வளவு அழகாக இறங்கினார் என்பவற்றுக்கு மதிப்பெண் உண்டு.

இதன் முதல் வரிசைப் போட்டித் தொடர் உலகக் கோப்பை. 1979 டிசம்பரில் தொடங்கியது. அதற்கு அடுத்த படியாக 1980-81 பருவத்தில் ஐரோப்பியக் கோப்பை தோன்றியது. 1990களில் அதற்குக் கான்டினென்டல் கோப்பை என்று பெயர் மாறியது. சுவிட்சர்லாந்தின் எங்கல்பெர்க், ஆஸ்திரியாவின் பிஷோஃப்ஷோஃபன், ஜப்பானின் சப்போரோ, அமெரிக்காவின் அயர்ன் மௌண்டன் போன்ற ஊர்களில் இப்போட்டிகள் நடந்துள்ளன. கோடையில் பனிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பாய் விரித்த குன்றுகளிலும் தாவுவதுண்டு.

இங்கே ஆடுபவர்கள் யார்? மேலே ஏறத் துடிக்கும் இளைஞர்கள். மேலிருந்து இறங்கி மீண்டும் ஏற முயலும் மூத்தவர்கள். உலகக் கோப்பையில் ஒரு நாடு இத்தனை பேரைத்தான் இறக்கலாம் என்று வரம்பு இருக்கிறது. பருவம் சில கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒரு கட்டத்தின் முடிவில் இரண்டாம் படியில் முன்னணியில் நிற்பவர், அடுத்த கட்ட உலகக் கோப்பையில் தம் நாட்டுக்குக் கூடுதலாக ஓர் இடம் பெற்றுத் தருவார். ஆகவே இங்கே ஒவ்வொரு புள்ளியும் மேலே செல்லும் ஏணியின் ஒரு படி.

மனிதன் மிதப்பது எப்படி?

பெரிய குன்றில் வீரர் தளத்தை விட்டு எழும்பும்போது வேகம் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 25 மீட்டர். தளத்தின் விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும் என்று நாம் நினைப்போம். அது தவறு. அது சுமார் 11 பாகை கீழ்நோக்கியே சரிந்திருக்கும். எனவே வீரர் கல்லைப் போல மேலே எறியப்படுவதில்லை. அவரைத் தாங்குவது காற்று.

ஓடும் பேருந்தின் சன்னலோரம் ஓர் அட்டையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் அது மேலே எழும்பப் பார்க்குமல்லவா? அதுவே ஏற்றுவிசை. வீரரின் உடலும் பலகைகளும் சேர்ந்து அந்த அட்டையாகின்றன. முற்காலத்தில் இரு பலகைகளையும் ஒட்டி இணையாக வைத்துப் பறந்தார்கள். சுவீடன் நாட்டு வீரர் யான் பொக்லோவ் 1980களில் பலகைகளின் முன்முனைகளை அகற்றி, ஆங்கில 'வி' எழுத்தைப் போல விரித்துப் பறந்தார். அழகாக இல்லை என்று நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். ஆனாலும் 1988-89 உலகக் கோப்பை அவருக்கே கிடைத்தது. 'வி' வடிவத்தில் ஏற்றுவிசை ஏறத்தாழ 28 விழுக்காடு கூடுகிறது என்று காற்றுச்சுரங்க ஆய்வுகள் காட்டின. சில ஆண்டுகளுக்குள் எல்லாரும் அவர் வழிக்கே வந்துவிட்டார்கள்.

ஏற்றுவிசை, காற்றுக்கும் உடலுக்கும் இடையே உள்ள வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். வீரரின் வேகம் விநாடிக்கு 25 மீட்டர். எதிரே 1 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் சார்பு வேகம் 26 ஆகும். 25இன் இருமடி 625; 26இன் இருமடி 676. ஆக, ஏற்றுவிசை 8 விழுக்காடு கூடுகிறது. அதே காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் சார்பு வேகம் 24. அதன் இருமடி 576. ஏற்றுவிசை ஏறக்குறைய 8 விழுக்காடு குறைகிறது. எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவருக்கு அது பகை. தாவும் வீரருக்கோ எதிர்காற்றே நண்பன்!

மலைக்காற்று மாறும் விதம்

இனிச் சிக்கலுக்கு வருவோம். மலைச்சரிவில் காற்று ஒரே மாதிரி இருப்பதில்லை. பகலில் வெயில் சரிவைச் சூடாக்குகிறது. அங்குள்ள காற்று இலேசாகி மேல்நோக்கி ஏறுகிறது. இரவில் சரிவு குளிர்கிறது. கனத்த குளிர்காற்று கீழ்நோக்கி வழிகிறது. மேகமலை அடிவாரமானாலும் ஆல்ப்ஸ் மலையானாலும் விதி ஒன்றே. வீரர் சரிவில் கீழ்நோக்கிப் பறப்பதால், ஏறும் காற்று அவருக்கு எதிர்காற்று. இறங்கும் காற்று பின்காற்று. போதாக்குறைக்கு மேகம் மறைப்பதாலும் மரங்களும் மேடுகளும் தடுப்பதாலும் நிமிடத்துக்கு நிமிடம் காற்று மாறும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள் நம் உழவர்கள். களத்தில் முறத்தோடு நிற்பவர் நல்ல காற்று வரும்வரை காத்திருக்கலாம். தாவும் வீரருக்கு அந்த வசதி இல்லை. பச்சை விளக்கு எரிந்தபின் சில விநாடிகளில் கிளம்பியாக வேண்டும். அவருக்குக் கிடைத்த காற்று ஒன்று. அடுத்தவருக்குக் கிடைப்பது வேறொன்று. இது நியாயமா?

காற்றை எண்ணாக்குதல்

இக்கேள்விக்கு விடையாக 2009-10 பருவத்தில் உலகக் கோப்பையில் ஒரு புதுமுறை சோதிக்கப்பட்டது. குன்றின் ஓரமாகப் பல இடங்களில் காற்றுமானிகளை நிறுத்தி, சரிவின் திசையில் வீசும் காற்றின் வேகத்தை அளந்து சராசரி காண்பார்கள். எதிர்காற்று பெற்றவருக்கு மதிப்பெண் கழியும். பின்காற்றில் சிக்கியவருக்குக் கூடும். புறப்படும் இடத்தை மேலோ கீழோ மாற்றினால் அதற்கும் தனிக் கணக்கு உண்டு.

முதலில் வகுத்த சூத்திரம் எளிது. குன்றின் அளவிலிருந்து 36ஐக் கழித்து 20ஆல் வகுத்தால், விநாடிக்கு 1 மீட்டர் காற்று எத்தனை மீட்டர் தூரத்துக்குச் சமம் என்பது கிடைக்கும். குன்றின் அளவு 140 மீட்டர் என்று கொள்வோம். 140 - 36 = 104; 104 ÷ 20 = 5.2 மீட்டர். பெரிய குன்றில் ஒரு மீட்டருக்கு 1.8 மதிப்பெண். எனவே விநாடிக்கு 1 மீட்டர் காற்றுக்கு 9.36 மதிப்பெண்! பின்காற்றின் பாதிப்பு அதிகம் என்று கண்டு, பின்னர் அதற்குச் சற்றுக் கூட்டிக் கொடுத்தார்கள். நம் கணக்குக்கு இரண்டையும் சமமாகவே கொள்வோம்.

அரை மீட்டரின் விலை

இப்போது தொடக்கத்தில் சொன்ன 10 சென்டிமீட்டர் காற்றுக்கு வாருங்கள். மேற்கண்ட கணக்குப்படி அது 0.52 மீட்டருக்குச் சமம். தாவலின் தூரத்தை அரை மீட்டர் துல்லியத்தில்தான் அளக்கிறார்கள். ஆக, ஊதுவத்திப் புகையைக்கூடச் சாய்க்காத காற்று, அளவுகோலின் ஒரு முழுக் கோட்டை நகர்த்திவிடுகிறது!

முதல் சுற்றில் முதல் 30 இடங்களுக்குள் வருபவர்களுக்கே இரண்டாம் தாவல் உண்டு. இறுதியில் முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 80, மூன்றாமிடத்துக்கு 60 என இறங்கி, 30ஆம் இடத்துக்கு 1 புள்ளி. 31ஆம் இடத்துக்கு ஒன்றுமில்லை. அவர் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். இரண்டாம் படியில் திறமை நெருக்கமாக இருப்பதால் 30க்கும் 31க்கும் இடைவெளி பல வேளைகளில் மயிரிழைதான்.

அப்படியானால் காற்றுக் கணக்கு முழு நியாயம் வழங்குகிறதா? இல்லை. காற்றுமானி நிற்பது குன்றின் ஓரத்தில். வீரர் பறப்பது நடுவில். பறப்பின் தொடக்கத்தில் வீசும் காற்றும் முடிவில் வீசும் காற்றும் ஒரே பயனைத் தருவதில்லை. சராசரி என்பது உண்மைக்கு அருகில் செல்வதேயன்றி உண்மையே ஆகாது. எனினும் அளக்காமல் விட்டால் முழுவதும் அதிர்ஷ்டத்தின் கையில். அளந்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது. அறிவியல் பல துறைகளில் செய்யும் பணி இதுதான்: பிழையை ஒழிப்பதன்று, பிழை எவ்வளவு என்று அறிந்து அதைச் சிறிதாக்குவது.

நீங்களே நடுவர்

இனி நீங்கள் கணக்கிடுங்கள். குன்றின் அளவு 140 மீட்டர். 125 மீட்டர் தாவினால் 60 மதிப்பெண். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8. முதல் வீரர் 130 மீட்டர் தாவினார். எதிர்காற்று விநாடிக்கு 0.3 மீட்டர். இரண்டாமவர் 128 மீட்டர், பின்காற்று 0.1 மீட்டர். அழகுக்கான மதிப்பெண் இருவருக்கும் சமம். வென்றவர் யார்?

விடை: முதல்வருக்கு 69 - 2.8 = 66.2. இரண்டாமவருக்கு 65.4 + 0.9 = 66.3. இரண்டு மீட்டர் குறைவாகத் தாவியவரே 0.1 மதிப்பெண்ணில் வென்றார்!