ஆலைக் கூரையும் மணிலாக் கிடங்கும்

கான்பூரில் 1876-இல் தொடங்கிய லால் இம்லி கம்பளி ஆலை, விக்டோரியா அரசியார் காலத்துச் செங்கற் கட்டடங்களுள் ஒன்று. அக்காலத்து இங்கிலாந்தில் நெசவுக் கூடங்களுக்கு இரம்பப் பல் போன்ற கூரையிட்டு, வடபுறச் சரிவில் கண்ணாடி பதித்தனர். அந்நாட்டில் உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கிலேயே நிற்பதால், வெயில் புகாமல் வெளிச்சம் மட்டும் புகுந்தது.

விக்கிரவாண்டியில் மணிலாக் கிடங்கு கட்டுவோர் இதனை அப்படியே பின்பற்றலாகாது. இங்கே சித்திரைப் பிற்பாதி முதல் ஆடி முடிய உச்சிச் சூரியன் சற்றே வடக்கில் நிற்கும். ஆகவே நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்க, இருபுறமும் கூரை வெளியே நீளுதல் வேண்டும். கிழக்கு மேற்குச் சுவர்கள் குறுகியிருத்தல் நலம். தரையை உயர்த்தி, மரச்சட்டங்களின்மேல் சுவரைத் தொடாமல் மூட்டைகளை அடுக்குக. பருப்பின் ஈரம் நூற்றுக்கு 8 பங்கிற்கு மேற்படின் பூஞ்சணம் பற்றி நஞ்சு உண்டாகக்கூடும்; சரக்கும் விலைபோகாது.