உத்தரவுப் பெட்டி உணர்த்தும் உண்மை

காங்கயத்தை அடுத்த சிவன்மலை, அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற திருத்தலம். மலைமேல் எழுந்தருளியுள்ள சுப்பிரமணிய சுவாமி திருக்கோயிலின் ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’யைக் கொங்கு நாட்டில் அறியாதார் சிலரே.

அடியார் ஒருவரின் கனவில் முருகப்பெருமான் தோன்றி ஒரு பொருளைச் சுட்டுவார். அவ்வடியார் கோயிலில் வந்து தெரிவிப்பார். சுவாமியிடம் பூக்கேட்டு, வெள்ளைப்பூ வந்தால் மட்டுமே அப்பொருள் கண்ணாடிப் பெட்டியுள் வைக்கப்பெறும். அடுத்த உத்தரவு வரும்வரை அதுவே அங்கிருக்கும். மண், நீர், மஞ்சள், துப்பாக்கி எனப் பலவும் இடம்பெற்றுள்ளன.

நீர் வைக்கப்பெற்ற பின்னரே 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தது என்பர் அன்பர். எனினும், நீர் இருந்த நாளில் அதன் குறிப்பை எவரும் உணர்ந்திலர். நிகழ்ந்தபின்னரே தொடர்பு கண்டனர். மஞ்சளைக் கண்ட உழவர், விலை ஏறுமோ இறங்குமோ எனக் கலங்குவர். பெட்டி விடை பகராது. அடுத்த பொருள் யாது, எவர் கனவில், எந்நாளில் என்பதும் எவர்க்கும் தெரியாது.

நாளை நிகழ்வதை அறியாதிருத்தல் பக்திக்குக் குறைவன்று. மழை உறுதி என்று அறிந்தா மானாவாரி நிலத்தில் விதைக்கின்றோம்? விதைத்தல் நம் கடன். விளைவித்தல் அவன் அருள்.

ஆதலின் அன்பர்களே, பெட்டியின் முன் நிற்குங்கால் ‘என்ன நேருமோ?’ என அஞ்சற்க. ‘எது நேரினும் நின் திருவடி மறவாமை வேண்டும்’ என வேண்டி, அன்றைய கடமைக்கு மலையிறங்குவோமாக.