எலுவன்குளத்து இளவேனில்: நாளுக்கொரு படம்

புத்தளத்தில் இருந்து வண்ணாத்திவில்லு வழியாக வடக்கே போகும் வீதி, எலுவன்குளத்தைத் தாண்டியதும் கலா ஓயாவுக்குள் இறங்குகிறது. ஆற்றைக் கடப்பது ஒரு தாழ்ந்த சப்பாத்துப் பாலத்தின் மேல்தான். அக்கரையில் வில்பத்துக் காடு. பழைய மன்னார் வீதி அந்தக் காட்டை ஊடறுத்துப் போகிறது. பள்ளக்கண்டல் அந்தோனியார் கோயிலுக்கு யாத்திரை போகிறவர்களும் இந்த வழியாகத்தான் காட்டுக்குள் நுழைகிறார்கள். ஆறு மேற்கே வளைந்து, கங்கேவாடி என்னும் சிறிய மீனவக் குடியிருப்பின் அருகே புத்தளம் களப்பில் கலக்கிறது. கலக்கும் இடத்தின் இரு கரையிலும் இருப்பது இலங்கையின் பெரிய கண்டல் காடுகளில் ஒன்று.

வில்பத்து 1938இல் தேசியப் பூங்காவானது. போரினால் 1988இல் மூடப்பட்டு 2003இல் மீண்டும் திறந்தது. 2013இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இன்று நீண்ட லென்ஸ்களோடு ஜீப்புகளில் வருகிறவர்கள் சிறுத்தையையும் கரடியையும் தேடுகிறார்கள். கிடைத்தால் படம், கிடைக்காவிட்டால் ஏமாற்றம், எப்படியும் அன்று மாலையே திரும்பிவிடுவார்கள். அவர்கள் எடுக்கும் படங்களில் அழகானவை ஏராளம். ஆனால் இந்தக் கரைக்கு நான் வேண்டுவது வேறொரு வகை ஒளிப்படக் கலை. பருவம் ஒன்று முழுவதும், ஒரே இடத்தில் நின்று, நாள் தவறாமல் எடுப்பது. அதற்குப் பெரிய லென்ஸ் வேண்டாம். அங்கே வாழ்கிறவராக இருக்க வேண்டும், அல்லது நாள்தோறும் போய்வரக் கூடியவராக இருக்க வேண்டும். அந்த வகையில் உலகின் பெயர்பெற்ற ஒளிப்படக்காரர்களை விட, கையில் சாதாரணத் தொலைபேசியோடு கங்கேவாடியில் இருக்கும் ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு வசதி அதிகம்.

இந்தக் கலைக்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, ஏரிகள் நிறைந்த காட்டுப்புறத்தில் வாழ்ந்த ஜிம் பிராண்டன்பர்க், 1994ஆம் ஆண்டு இலையுதிர்காலத் தொடக்கத்தில் இருந்து குளிர்காலத் தொடக்கம் வரை 90 நாட்கள், நாளுக்கு ஒரே ஒரு தடவைதான் ஷட்டரை அழுத்துவது என்று தனக்கு விதி வைத்துக்கொண்டார். அது பிலிம் சுருள் காலம். சரியாக வந்ததா என்று அந்த இடத்திலேயே பார்க்கவும் முடியாது. அந்தத் தொடர் 1997 நவம்பரில் நஷனல் ஜியோகிரபிக் இதழில் வெளிவந்து பலரின் பார்வையை மாற்றியது. பிற்காலத்தில் ஒரு வசந்தகாலத்தையும் அவர் நாள்வாரியாகப் பதிந்தார்.

நம் மொழிக்கு நெருக்கமானவர் மா. கிருஷ்ணன் (1912-1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல பாகங்களைத் தானே பொருத்திச் செய்த கனமான கமராவோடு காடு காடாக அலைந்து, கறுப்பு வெள்ளையில் யானைகளைப் பதிந்தவர். அதே மனிதர் 1950 முதல் இறக்கும் வரை தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இடைவிடாமல் எழுதிய பத்தியில் காகமும் அணிலும் ஓணானும் யானைக்குச் சமமாக இடம் பிடித்தன. அருமையானதைத் தேடிப் போவதோடு, கூடவே இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கவும் வேண்டும் என்பதை வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டியவர் அவர். எலுவன்குளத்துக்கு அந்தப் பார்வைதான் பொருந்தும்.

இங்கே இளவேனில் என்றால் என்ன? பனி உருகுவதோ மொட்டை மரம் பூப்பதோ இல்லை. வடகீழ்ப் பருவமழை தையோடு ஓய்ந்துவிடும். மாசியில் ஆறு தெளிகிறது, வாடைக்காற்று அடங்குகிறது. பங்குனி சித்திரையில் பிற்பகல் இடியோடு கூடிய மழை சில நாட்களுக்கு வரும். வைகாசியில் தென்மேற்குக் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். அதன் பிறகு நீண்ட வறட்சி. மாசி முதல் வைகாசி வரையான இந்த மாதங்களுக்குள் சூரியன் நம் தலையைக் கடந்து வடக்கே போகிறது. எலுவன்குளம் வட அகலாங்கு 8 பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், ஏப்ரல் 10, 11 வாக்கில் நண்பகலில் சூரியன் சரியாக உச்சியில் நிற்கும். வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அந்த நாட்களில் எந்த ஊருக்கு மேல் சூரியன் நிற்கிறது என்று அறிவிப்பது இதைத்தான். நட்டு வைத்த கம்புக்கு அப்போது நிழலே இருக்காது.

ஒளிப்படம் எடுப்பவருக்கு இது நேரடியான செய்தி. நண்பகலில் எடுத்தால் மனிதர் முகத்தில் கண்குழியும் மூக்கின் கீழும் கருநிழலாகும், நீரும் மணலும் வெளுத்துப்போகும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் வரும் சாய்வெளிச்சமே இங்கே வேலைக்காகும். இந்த அகலாங்கில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்திப்பொழுதும் நீளாது. மறைந்த பின் இருபது நிமிடம் சொச்சத்தில் இருட்டு கூடிவிடும். பங்குனியில் நேர்கிழக்கில் உதித்த சூரியன், மே மாத முடிவில் 20 பாகைக்கு மேல் வடக்கே விலகி உதிக்கும். ஒரே இடத்தில் நின்று விடியலை எடுத்துவந்தால், கண்டல் மரங்களின் மேல் அது இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போவது படங்களில் தானாகத் தெரியும். பூமியின் சாய்வைக் காட்ட இதைவிடத் தெளிவான பாடம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

இனிப் பறவைகள். மாரியில் புத்தளம் களப்பின் சேற்றுத் திட்டுகளில் இரை பொறுக்கும் உள்ளான் கூட்டங்களைப் பார்த்தவர்கள், எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்று விட்டுவிடுவார்கள். அவற்றில் வளைமூக்கு உள்ளான் என்பதைக் கவனியுங்கள். அலகின் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும், கால் கறுப்பு. பெப்ரவரியில் முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. மார்ச் நடுவில் மார்பில் செங்கல் தூள் தெறித்தது போல அங்கொன்று இங்கொன்றாகச் செம்புள்ளி விழும். கிழமைக்குக் கிழமை அவை பெருகி ஒன்றோடொன்று சேரும். ஏப்ரல் கடைசியில் புறப்படுவதற்கு முன், முகத்தில் இருந்து வயிறு வரை செங்காவி ஏறிய பறவைகள் கூட்டத்தில் நிற்கும். இறகு மாறுவது சைபீரியாவின் வடகோடித் தூந்திரத்தில் இணை சேர்வதற்காக. நாம் காண்பது அந்தப் பயணத்துக்கான தயாரிப்பு. இன்னும் இனப்பெருக்க வயதுக்கு வராத முதலாண்டு இளம்பறவைகள் பல நிறம் மாறாமல், போகாமல், இங்கேயே கோடையைக் கழிக்கும். ஒருநாள் போய்ப் பார்க்கிறவருக்கு இரண்டு வேறு இனங்கள் நிற்பதாகவே தோன்றும். நாள்தோறும் எடுத்தவருக்குத்தான் அது ஒரே இனம் என்பது தெரியும்.

இந்த ஒரு பறவைக்காகவே மூன்று மாதம் செலவிடலாம் என்று நான் நினைக்கிறேன். அதற்கு நெருங்கிப் போகவும் தேவையில்லை. கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிட்டு எடுக்கும் படம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் நெடும்பயணத்துக்குக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைக்கு அது நட்டம். வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும் தின்று சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது. கரையில் உட்கார்ந்து, அசையாமல் இருந்தால் அவையே பக்கத்தில் வந்து மேயும்.

ஒளியளவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கலையைச் சொல்ல முடியாது. கமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குக் காட்சி என்னவென்று தெரியாது. எதைப் பார்த்தாலும் அது மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். கண்டல் மரத்தின் கருநிழல் முன்னால் ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கிறது என்று வையுங்கள். படத்தில் பெரும்பகுதி இருள். கமரா அந்த இருளைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு இறகு ஒன்றும் தெரியாத வெள்ளைத் தாளாகிவிடும். ஒளியளவை ஒரு படி குறைத்தால் இறகு இறகாக வரும். எதிர்ப்பக்கம், மின்னும் நீரின் முன்னால் ஒரு நீர்க்காகம் என்றால் ஒரு படி கூட்ட வேண்டும். தொலைபேசியிலும் இதைச் செய்யலாம்: திரையில் பறவையைத் தொட்டு, விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டிவிட்டு, மேலும் கீழுமாக இழுத்தால் வெளிச்சம் மாறும்.

நாள்தோறும் எடுக்கும் படத்துக்கு இன்னொரு பூட்டும் வேண்டும். நிறச்சமநிலையைத் தானியங்கியில் விட்டால், முகில் வந்த நாளில் ஒரு நிறம், வெயில் நாளில் ஒரு நிறம் என்று கமரா தன் விருப்பத்துக்குச் சரிசெய்யும். உள்ளானின் மார்பு சிவந்ததா, கமரா சிவக்க வைத்ததா என்று பிறகு பிரிக்க முடியாது. பகல் வெளிச்சம் என்ற ஒரே அமைப்பில் வைத்துவிடுவது நல்லது.

நிற்கும் இடத்தையும் பூட்ட வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2017இல் தொடங்கிய கோஸ்ட்ஸ்நாப் திட்டம் இதற்கு எளிய வழி கண்டது. கடற்கரையில் ஒரு தூண், அதன் மேல் தொலைபேசியை வைக்க ஒரு தாங்கி. வருகிறவர் யாராக இருந்தாலும் அதில் தொலைபேசியை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புவார். கோணம் எப்போதும் ஒன்றே என்பதால், கரை எவ்வளவு அரித்தது, எவ்வளவு சேர்ந்தது என்பதை அந்தப் படங்களில் இருந்தே அளக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளை செபாஸ்தியான் பின்ஸ்டர்வால்டர் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் 1880களின் கடைசியில் இப்படித் திரும்பத் திரும்பப் படமெடுத்து அளக்கத் தொடங்கியபோது, கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு மலையேற வேண்டியிருந்தது. நமக்கு ஒரு மரக்குற்றியும் இரண்டு ஆணியும் போதும்.

எலுவன்குளத்தில் அந்தக் குற்றியை எங்கே நடுவது என்று என்னைக் கேட்டால், முதலாவது சப்பாத்துப் பாலத்தின் அருகே என்பேன். மேலே இராஜாங்கனை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகளைத் திறந்தால் கலா ஓயா பெருகிப் பாலம் மூழ்கும், வீதி தடைப்படும். ஊர்ச்செய்தியில் எலுவன்குளத்தின் பெயர் அடிபடுவதே பெரும்பாலும் அப்போதுதான். ஆனால் மாசி முதல் வைகாசி வரை நீர் எப்படி இறங்குகிறது, கரையோர மருத மரங்களின் வேர் எந்த நாளில் வெளியே தெரிகிறது, சித்திரை மழைக்கு எவ்வளவு ஏறுகிறது என்பவற்றை யாரும் செய்தியாக்குவதில்லை. நாளுக்கொரு படம் அதைச் சொல்லும்.

இரண்டாவது குற்றி களப்புக் கரையில். இங்கே ஒரு சிக்கல் உண்டு. வற்றுப்பெருக்கு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. ஆகவே தினமும் காலை ஆறரைக்கு எடுத்தால், ஒரு கிழமை சேறு தெரியும், அடுத்த கிழமை அதே நேரத்தில் நீர் நிற்கும். இதைக் களப்பு வற்றியதாகவோ பெருகியதாகவோ நினைத்துவிடக் கூடாது. அமாவாசை, பௌர்ணமி நாட்களைக் குறித்து வைத்து, அந்த நாட்களின் படங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் உயரம் குறைவுதான், ஒரு மீற்றரை எட்டாது. ஆனால் தட்டையான சேற்றுக் கரையில் ஒரு சாண் நீர் இறங்கினாலும் பரந்த நிலம் வெளியே வந்துவிடும். உள்ளான்கள் மேய்வது அந்த நிலத்தில்தான்.

மனிதர்களைப் படமெடுப்பது தனி விடயம். விடியற்காலையில் வள்ளங்கள் கரைதட்டும். வலையைக் கட்டையில் போட்டு இறாலையும் நண்டையும் வேறாக்குவார்கள். பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளோடு வியாபாரி காத்து நிற்பார். முதல் நாள் கமராவை வெளியே எடுக்க வேண்டாம். "அண்ணே, இந்த இடத்தில தினமும் வந்து படம் எடுக்கலாமா?" என்று கேட்டு, எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றவரை எடுக்கக் கூடாது. எடுத்ததில் நல்லவற்றை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நாள்தோறும் போகிறவருக்குத்தான் தெரியும், எந்த நாளில் வள்ளங்கள் ஏன் இறங்கவில்லை என்று: காற்று, பெருநாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை, சித்திரை வருடப்பிறப்பு, இரவு யானை வந்து போன மறுநாள். வெறுமையாகக் கிடக்கும் கரையின் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். வள்ளம் நிறைந்த படத்துக்குப் பொருள் தருவது அதுதான்.

உப்புக்காற்று கமராவின் எதிரி. லென்ஸின் மேல் படிந்த உப்புத்தூளை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியின் பூச்சு கீறுப்படும். முதலில் காற்றூதி, பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் ஈரம் தொட்ட துணி. இரவில் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியோடு வைக்காவிட்டால் மழை நாட்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பூங்காவுக்குள் போனால் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது. ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். பறவைக் கூட்டின் அருகே எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம், பெற்ற பறவை விலகிய நேரத்தில் குஞ்சைக் காகம் கொண்டுபோய்விடும்.

சேர்ந்த படங்களைக் கணக்காகவும் மாற்றலாம். இலக்கப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். பச்சையின் எண்ணை மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் காடு எவ்வளவு பசுமையாக இருக்கிறது என்பதற்கு ஓர் அளவு கிடைக்கும். வட அமெரிக்காவின் பீனோகாம் வலையமைப்பு 2008 முதல் மரங்களுக்கு மேலே கோபுரங்களில் பொருத்திய கமராக்களால் இதையே செய்து, துளிர்விடும் நாளையும் இலை பழுக்கும் நாளையும் கண்டறிகிறது. எலுவன்குளத்தில் பங்குனி வெயிலில் வாடிய காடு சித்திரை மழைக்குப் பின் எத்தனை நாளில் பசுமை திரும்புகிறது, கொன்றை எப்போது மஞ்சளாகிறது, வைகாசியில் கரடிகள் தேடி வரும் பாலைப்பழம் எப்போது பழுக்கத் தொடங்குகிறது என்பவற்றை ஒரு பாடசாலை விஞ்ஞானக் கழகம் இந்த வகுத்தலையும் படங்களையும் கொண்டு வரைபடமாக்கலாம். ஆண்டுதோறும் அதே குற்றியில் இருந்து எடுத்தால், பத்தாண்டில் மழை முந்துகிறதா பிந்துகிறதா என்று சொல்ல ஊரிலேயே சான்று இருக்கும்.

வைகாசி நடுவில் காற்று எழுந்து மணல் பறக்கத் தொடங்கும்போது தொடரை நிறுத்தலாம். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை களப்புக் கரைக்குப் போய்ப் பாருங்கள். வடக்கில் இருந்து முதலில் திரும்பும் வளர்ந்த உள்ளான்களின் மார்பில் செங்காவி இன்னும் முழுதாக உதிர்ந்திருக்காது. ஏப்ரலில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு எங்கெங்கே சாம்பல் திரும்பியிருக்கிறது என்று அப்போது ஒப்பிடலாம்.