குட்டி போடும் மீன்கள்: வீட்டிலேயே ஒரு சிறு தொழில்

மீன் என்றால் முட்டையிடும் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால் கப்பி, மோலி, பிளாட்டி போன்ற அழகு மீன்கள் முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே பொரித்து, நீந்தும் குஞ்சுகளாக ஈனுகின்றன. வெனிசுலாவும் டிரினிடாட் தீவும் கப்பியின் தாயகப் பகுதிகள். டிரினிடாட்டிலிருந்து லண்டனுக்கு இம்மீனை அனுப்பிய கப்பி என்பவரின் பெயரே 1866-ல் இதற்குச் சூட்டப்பட்டது.

சென்னைக் கொளத்தூரைப் பாருங்கள். புறக்கடையில் தொட்டி கட்டி அழகு மீன் வளர்க்கும் குடும்பங்களால் அவ்வூர் நாடறிந்த மீன் சந்தையாகிவிட்டது. தொழிற்சாலைகள் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழும் சகோதரிகளே, உங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் இதனைச் செய்து பார்க்கலாம்.

இரண்டு தொட்டிகள் போதும். சற்றுக் கடினமான நீரே இம்மீன்களுக்கு ஏற்றது. ஆகவே உப்பேறாத ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் பொருந்தும். குளோரின் கலந்த குழாய் நீரெனில் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்றுங்கள். வெயில் நேரடியாகக் காய்ச்சாமல் நிழல் அமையுங்கள். ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் மீன்கள் இருக்கட்டும்.

ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெண் மீன் ஈனும். ஒருமுறை இணைந்தாலே பல மாதங்கள் ஆண் துணையின்றி ஈனவல்லது. இதில் கடினமான வேலை ஈன்ற பின்னரே தொடங்குகிறது. தாய் மீனே தன் குஞ்சுகளைத் தின்றுவிடும்! ஆகவே வேலம்பாசியை நெருக்கமாக இட்டு வையுங்கள். குஞ்சுகள் அதில் ஒளிந்து தப்பும். அவற்றை உடனே மறு தொட்டிக்கு மாற்றி, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைச் சிறிதளவு கரைத்து ஊட்டுங்கள். மிஞ்சிய தீனி நீரைக் கெடுக்கும். இனம் தெரியத் தொடங்கியதும் ஆண், பெண் குஞ்சுகளைப் பிரித்துவிடுங்கள். இல்லையேல் நல்ல நிறமும் வாலும் கலந்து கெடும்.

சாதாரணக் கப்பிக்கு விலை குறைவு. எனவே முதலீடு செய்யுமுன் விற்பனையாளரிடம் எவ்வகை விலைபோகும் எனக் கேட்டறியுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மீன் பெருகிவிட்டதே என்று அருகிலுள்ள ஏரியிலோ குளத்திலோ கொட்டிவிடாதீர்கள். அந்நிய மீன்கள் பெருகி நம் நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும். செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகள் நம் அனைவருக்கும் பொதுவானவை. மிஞ்சிய மீனை அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள், அல்லது கடைக்குத் திருப்பி அளியுங்கள். நம் வீட்டுத் தொழில் ஊர் நீருக்குக் கேடாக அமையலாகாது.